எந்த நோயைத் தாங்கும் கிரேப் மிர்ட்டில் வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தோட்டத்தில், பூவுக்காக வளர்க்கும் அலங்கார மரமான கிரேப் மிர்ட்டில் மூன்று நிற்கின்றன. மதிற்சுவரை ஒட்டி நிற்கும் இரண்டில் ஆண்டுதோறும் கொழுந்தும் மொட்டும் வெள்ளைப் பொடி படிந்து, விரியாமலே காய்ந்துபோகின்றன. இலைகள் கறுத்துப் பிசுபிசுக்கின்றன. அடிமரத்திலும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. திறந்த வெளியில் நிற்கும் மூன்றாவது மரம் மட்டும் நன்றாகவே பூக்கிறது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, பத்தடி அகல இடத்துக்குப் பொருந்துகிற, நோயே வராத, முடிந்தால் சிவப்புப் பூப் பூக்கிற ரகம் ஒன்றின் பெயரைக் கேட்கிறீர்கள்.

பெயர் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் கேட்டது ரகத்தின் பெயர் என்றாலும், உண்மையில் தெரிய வேண்டியது அந்த இரண்டு மரங்களுக்கும் என்ன ஆயிற்று என்பதுதான். "நோய் எதிர்ப்பு ரகம்" என்று அட்டையில் எழுதி விற்கிறார்கள். எந்த நோய்க்கு எதிர்ப்பு என்பதை எழுதுவதில்லை. பயிர் நோயியல் படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அலங்காரச் செடிகள் வளர்க்கும் நாற்றுப்பண்ணைகளில் வேலை பார்த்தவன் நான். இந்தச் செடியைப் பற்றி என்னிடம் வந்த ஏமாற்றக் கதைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் தொடங்கின. ஒரு நோயைத் தாங்கும் ரகத்தை வாங்கி, இன்னொரு நோய் இருக்கும் இடத்தில் நட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளும் ஒரே நோயின் அறிகுறிகள் அல்ல. மொட்டில் படியும் வெள்ளைப் பொடி சாம்பல் நோய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் விவரித்திருக்கும் விதம் அப்படியே பொருந்துகிறது. எரிசைஃபே என்ற பூசணப் பேரினத்தின் வேலை அது. மற்ற பல பூசணங்களைப் போலன்றி, இதன் வித்து முளைக்க இலையின் மேல் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். பெருமழை இதற்கு இடைஞ்சல்கூட. பகலில் மிதமான வெப்பம், இரவில் குளிர்ந்த ஈரக்காற்று, இலைமேல் நிழல், கிளைகளுக்கு நடுவே காற்றோட்டம் இல்லாத நெரிசல் என்று இவை சேர்ந்தால் இது கொண்டாடிப் பெருகும். அதனால்தான் கடும் கோடையில் அடங்கி, கோடைக்கு முன்னும் பின்னும் தலைகாட்டுகிறது. முற்றிய இலையை இது அதிகம் தொடுவதில்லை. இளங்கொழுந்து, மொட்டுக்காம்பு, மொட்டு இவைதான் இதற்கு வேண்டும். பொடி படிந்த கொழுந்து சுருண்டு சில நேரம் செவ்வூதா நிறமாகும். மொட்டு அப்படியே நின்று காயும். மரம் சாகாது. ஆனால் பூவுக்காகவே வளர்க்கும் மரத்தில் பூவை மட்டும் தேடிப்பிடித்துத் தின்னும் நோய் இது.

இலை கறுத்துப் பிசுபிசுப்பது வேறு கதை. அந்தக் கறுப்பை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். துடைத்தால் வந்துவிட்டால் அது இலையைத் தாக்கிய நோய் அல்ல. சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீர் இலையில் சொட்டுகிறது, அந்தச் சர்க்கரையின் மேல் கரும்பூசணம் வளர்கிறது. அது இலைக்குள் நுழைவதில்லை, வெளிச்சத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். கிரேப் மிர்ட்டிலுக்கென்றே ஓர் அசுவினி உண்டு. வெளிர்மஞ்சள் நிறம், உடலில் கரும்புள்ளிகள், இலையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக இருக்கும். இலையைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பூசணக்கொல்லியை எத்தனை முறை அடித்தாலும் இந்தக் கறுப்பு நிற்காது. பூச்சி போனால்தான் கறுப்பு போகும்.

அடிமரத்தின் வெள்ளைதான் என்னை யோசிக்க வைக்கிறது. சாம்பல் நோய் முற்றிய மரப்பட்டையில் அப்படி ஒட்டிக்கொண்டு இருக்காது. கிளை பிரியும் கவட்டிலும், பழைய வெட்டுக்காயங்களைச் சுற்றியும், வெள்ளைக் கம்பளித் துணுக்குகள்போல ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். கத்தி நுனியால் ஒன்றை நசுக்குங்கள். இளஞ்சிவப்பு நீர் கசிந்தால் அது பட்டைச் செதில் பூச்சி. கிழக்காசியாவைச் சேர்ந்த பூச்சி. அமெரிக்காவில் 2004-இல் டெக்சஸில் முதலில் தென்பட்டு, பிறகு தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவியது. இதுவும் இனிப்பு நீரைக் கழிக்கும், இலையும் தண்டும் கறுக்கும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து இது செதில் பூச்சிதான் என்று உறுதி சொல்ல மாட்டேன். சுவரின் சுண்ணாம்புத் தெறிப்பாக இருக்கலாம், பாசிக்காளானாக இருக்கலாம், சாதாரண மாவுப்பூச்சியாகவும் இருக்கலாம். கத்தி நுனிச் சோதனை அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் ரகம் வாங்கப் போகாதீர்கள். ஏனென்றால் சாம்பல் நோயைத் தாங்கும் ரகத்துக்குச் செதில் பூச்சியைத் தாங்கும் திறனும் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புது மரத்தை நட்டால் பக்கத்து மரத்திலிருந்து அதற்கும் ஏறிவிடும்.

நீங்கள் கேட்காத, ஆனால் ரகம் தேரும்போது கணக்கில் எடுக்க வேண்டிய இன்னொரு நோயும் இருக்கிறது. செர்க்கோஸ்போரா இலைப்புள்ளி. சாம்பல் நோய்க்கு நேர் எதிரான குணம் இதற்கு. வெப்பமும் மழையும் சேர்ந்தால் வரும். கோடையின் நடுவிலோ கடைசியிலோ அடிக்கிளைகளின் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். இலை மஞ்சளாகி, ஆரஞ்சும் சிவப்புமாக மாறி, காலத்துக்கு முன்பே உதிரும். நோய் கீழிருந்து மேலாக ஏறும். உதிர்ந்த இலையிலேயே பூசணம் தங்கி, அடுத்த மழையின் தெறிப்பில் மறுபடி மேலே போகும். நான் வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், சாம்பல் நோய்க்குப் பயந்து, அதற்குப் பேர்போன எதிர்ப்புள்ள வெள்ளைப் பூ ரகம் ஒன்றை ஒரு வரிசை முழுக்க நட வைத்தேன். தாழ்வான, மழை அதிகம் பெறும் இடம் அது. சாம்பல் நோய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் ஆண்டு பெருமழைக்குப் பிறகு, பூக்கும் காலம் முடிவதற்குள்ளேயே வரிசையின் கீழ்ப்பாதி மொட்டையாக நின்றது. ரகம் ஏமாற்றவில்லை, அது தாங்கும் என்று சொல்லப்பட்டதை முழுமையாகத் தாங்கியது. நான் அந்த இடத்தைப் பார்க்காமல் ரகத்தை மட்டும் பார்த்திருந்தேன். அந்த வரிசையின் உரிமையாளரிடம் போய் நின்று விளக்கம் சொன்ன நாள் இன்னும் மனதில் இருக்கிறது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: யாராவது கிரேப் மிர்ட்டில் கேட்டால், எந்த நிறம் என்று கேட்பதற்கு முன் மழை எப்போது பெய்யும், வெயில் எத்தனை மணி நேரம் விழும் என்று கேட்டுவிடுவேன்.

"நோயே வராத" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு ரகம் எனக்குத் தெரிந்து கிடையாது. எதிர்ப்புத் திறன் என்பது அளவு. நல்ல எதிர்ப்புள்ள ரகத்திலும் மோசமான ஆண்டில் ஒன்றிரண்டு கொழுந்துகளில் பொடி தெரியும்; பூ பூப்பதை அது தடுக்காது, தானே அடங்கும். நடுத்தர எதிர்ப்புள்ள ரகம் வெயிலில் சுத்தமாக நிற்கும், நிழலில் தோற்கும். எதிர்ப்பே இல்லாத ரகம் எங்கு வைத்தாலும் பொடி பூசிக்கொள்ளும். அடர்சிவப்புக்காகப் பெயர்பெற்ற கரோலினா பியூட்டி என்ற பழைய ரகம் இந்தக் கடைசி வகைக்கு எடுத்துக்காட்டு. பூ கண்ணைப் பறிக்கும், ஆனால் சாம்பல் நோய் அதைப் பிடித்தபடியே இருக்கும்.

சிவப்பும் நோய் எதிர்ப்பும் ஒன்றாகக் கிடைப்பது ஏன் கடினமாக இருந்தது என்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. தோட்டங்களில் காலங்காலமாக இருந்துவந்தது லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா. பெயரில் இண்டிகா இருந்தாலும் அதன் தாயகமாகச் சீனாவையும் அதைச் சுற்றிய பகுதிகளையும்தான் சொல்வார்கள். மருதாணியும் மாதுளையும் சேர்ந்த குடும்பம் இது. நிறங்கள் எல்லாம் இந்த இனத்திடம் இருந்தன: சிவப்பு, ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை. சாம்பல் நோய்க்கு எளிதில் ஆளாகும் குணமும் இதனிடமே இருந்தது. 1956-இல் ஜான் கிரீச் என்ற தாவரத் தேடலாளர் ஜப்பானின் யாகுஷிமா தீவிலிருந்து லாகர்ஸ்ட்ரோமியா ஃபௌரியை என்ற இன்னோர் இனத்தின் விதையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அதன் பூ சிறியது, வெறும் வெள்ளை. ஆனால் சாம்பல் நோய் அதை அண்டவில்லை. பட்டையோ உரிந்து உரிந்து இலவங்கப்பட்டை நிறத்தில் மின்னியது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் டொனால்ட் எகோல்ஃப் இந்த இரண்டு இனங்களையும் கலந்தார். 1978-இல் நாட்செஸ், மஸ்கோகி என்ற இரண்டு கலப்பினங்கள் வெளிவந்தன. அதன்பின் வந்தவை பல; பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கப் பழங்குடிகளின் பெயர்கள். நோய் எதிர்ப்பு வெள்ளைப் பூ இனத்திலிருந்து வந்ததால், தொடக்கக் கலப்பினங்கள் வெள்ளையும் வெளிர் ஊதாவும் இளஞ்சிவப்புமாகத்தான் அமைந்தன. உண்மையான சிவப்புக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றாவதாக லாகர்ஸ்ட்ரோமியா லிமீ என்ற சீன இனத்தையும் கலந்த பிறகு, அரபஹோ, செயென் என்ற இரண்டு சிவப்புக் கலப்பினங்கள் 2003-இல் அதே மரப்பூங்காவிலிருந்து வந்தன. எகோல்ஃப் 1990-இலேயே காலமாகிவிட்டார். அவர் தொடங்கிய வேலையின் நீட்சியாக வந்த சிவப்பு அது. இந்தக் கதையை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். ஒரு தீவின் காட்டிலிருந்து வந்த ஒரு பிடி விதை, உலகம் முழுக்க இந்தச் செடியின் தலையெழுத்தை மாற்றிவிட்டது.

இப்போது உங்கள் பத்தடி இடத்துக்கு வருவோம். நாட்செஸ் அழகில் குறையில்லாத மரம், சாம்பல் நோய்க்கு உறுதியான எதிர்ப்பு உள்ளது. ஆனால் இருபது முப்பது அடி உயரும். மஸ்கோகியும் அப்படியே. சுவருக்கும் நடைபாதைக்கும் நடுவில் இவற்றை நட்டால் ஆண்டுதோறும் தலையை வெட்ட வேண்டியிருக்கும். அப்படி வெட்டுவதே நோயை வரவழைக்கும் வழி என்பதைக் கீழே சொல்கிறேன். அரபஹோ சிவப்புதான், இரண்டு நோய்களையும் நன்றாகத் தாங்குகிறது. ஆனால் அதுவும் இருபதடி வரை நிமிர்ந்து வளரும். உங்கள் திறந்த வெளிக்கு ஒத்துவரும், சுவரோரத்துக்கு அல்ல. சுவரோரத்துக்கு நான் முதலில் வைப்பது டோண்டோ. எட்டு முதல் பத்தடி உயரம், அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. பூவின் நிறம் சுத்தச் சிவப்பு என்று சொல்ல முடியாது, ஊதா கலந்த ஆழ்ந்த சிவப்பு. சாம்பல் நோய், இலைப்புள்ளி இரண்டையும் தாங்குவதில் என் கண்ணால் பார்த்தவற்றுள் முன்வரிசையில் நிற்பது இது. பரிசோதனைத் தோட்டங்களிலும் திரும்பத் திரும்ப நல்ல பெயர் வாங்கியிருக்கிறது. சிவப்புதான் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றால் செயென். அதுவும் குட்டையாகப் படரும் வகை. இளஞ்சிவப்பு போதும் என்றால் ஹோப்பி. அகோமாவின் வெள்ளைப் பூங்கொத்துகள் வளைந்து தொங்குவது பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அது உயரத்தைவிட அகலமாகப் பரவும், நடைபாதையில் போகிறவர் தோளில் உரசும். கொஞ்சம் பெரிய இடம் இருந்தால் டஸ்கரோராவையும் டஸ்கீகியையும் சொல்லியிருப்பேன். முன்னது பவளநிறம், பின்னது அடர் இளஞ்சிவப்பு. இலைப்புள்ளியில் இவை இரண்டும் நம்பிக்கையானவை.

இவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சாம்பல் நோய்க்கான எதிர்ப்பு இந்தக் கலப்பினங்களில் உறுதியானது. பல இடங்களில், பல ஆண்டுகளில் நின்று காட்டியிருக்கிறது. இலைப்புள்ளிக்கான மதிப்பெண்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல. ஒரே ரகம் ஓரிடத்தில் நன்றாகவும் இன்னோரிடத்தில் சுமாராகவும் மதிப்பிடப்பட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மழையின் அளவு, மரத்தின் வயது, மதிப்பிட்ட மாதம் எல்லாமே அதை மாற்றுகின்றன. ஆகவே இலைப்புள்ளிக்கு எதிர்ப்பு என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், உங்களுடையதைப் போன்ற மழையும் வெயிலும் உள்ள இடத்தில் வளர்ந்த மரத்தைப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் அந்த மூன்றாவது மரம். மூன்றும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கியவை, பூவின் நிறமும் ஒன்றே என்று எழுதியிருக்கிறீர்கள். அவை ஒரே தாய் மரத்தின் குச்சிகளிலிருந்து வந்தவை என்றால் மூன்றும் ஒரே ரத்தம். சுவரோரத்து இரண்டு நோவதற்கும் வெளியில் நிற்பது பிழைப்பதற்கும் காரணம் இடம்தான். விதையிலிருந்து முளைத்தவை என்றால் கதை மாறும். கிரேப் மிர்ட்டில் விதை எளிதாக முளைக்கும், சீக்கிரமே பூக்கவும் செய்யும், ஆனால் தாயைப்போல இருக்காது; மூன்றும் மூன்று விதமாக இருக்கலாம், ஒன்றுக்கு எதிர்ப்பு இயல்பாகவே அமைந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பூக்கும் நாள், இதழின் சாயல், புது இலை விரியும்போது இருக்கும் நிறம், பட்டை உரியும் விதம் ஆகியவற்றை மூன்றிலும் ஒப்பிடுங்கள். எல்லாம் ஒத்துப்போனால் ஒரே ரகம் என்று கொள்ளலாம். அப்போது நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது இடத்தை, மரத்தை அல்ல.

சுவரோரத்தில் என்ன நடக்கிறது என்று நினைக்கிறேன் என்றால், காலை வெயில் தாமதமாக வருகிறது, பனி காயாமல் நிற்கிறது, காற்று சுவரில் முட்டித் தேங்குகிறது. இந்த மரத்துக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். எட்டு என்றால் இன்னும் நல்லது. நாலு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால், டோண்டோவையே நட்டாலும் நோய் குறையுமே தவிர பூ நிறையாது, ஏனென்றால் நிழலில் இந்த மரம் பூக்கவே தயங்கும். ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை போய், நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுவரை மறைக்கும் வேறு மரத்தின் கிளை இருந்தால் அதைக் குறைப்பதே பாதி மருந்து.

கவாத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இந்தச் செடி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். அதைக் கேள்விப்பட்ட பலர், ஆண்டுதோறும் எல்லாக் கிளைகளையும் ஒரே உயரத்தில் மொட்டையடிக்கிறார்கள். வெட்டிய இடத்திலிருந்து கொத்துக் கொத்தாக, நீர் நிறைந்த மெல்லிய போத்துகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிளம்பும். சாம்பல் நோய்க்கு அதைவிட நல்ல விருந்து வேறில்லை. அந்தப் போத்துகள் பூவின் பாரம் தாங்காமல் மடியும்; வெட்டுக்காயங்களின் மடிப்புகளில் செதில் பூச்சி குடியேறும். வெட்டாமலே இது பூக்கும். வெட்ட வேண்டியது ஒன்றோடொன்று உரசும் கிளைகள், உள்நோக்கி வளரும் கிளைகள், பென்சிலைவிட மெல்லிய சுள்ளிகள், அடியிலிருந்து கிளம்பும் போத்துகள் மட்டுமே. அடிப்போத்துகளை உடனுக்குடன் எடுங்கள், நோய் முதலில் தெரிவது பெரும்பாலும் அவற்றில்தான். தழைச்சத்து உரத்தைக் குறையுங்கள். பக்கத்தில் புல்வெளி இருந்து அதற்கு உரம் போடுகிறீர்கள் என்றால் மரமும் அதைத் தின்கிறது, கொழுந்து அளவுக்கு மீறி இளகுகிறது.

தெளிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டே மரத்தை எடுப்பதாக இல்லையென்றால், கொழுந்தில் முதல் பொடி தெரிந்த அன்றே நனையும் கந்தகமோ பொட்டாசியம் பைகார்பனேட்டோ வேப்பெண்ணெயோ தெளிக்கலாம். மொட்டு முழுக்க வெளுத்த பிறகு அடிப்பது வீண். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் அடித்தால் இலை கருகும். கந்தகத்துக்கும் எண்ணெய்க்கும் நடுவில் இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். அசுவினிக்கு வலுவான நீர்ப்பீய்ச்சலே பல நேரம் போதும். செதில் பூச்சி உறுதியானால் மென்மையான தூரிகையும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தண்டைத் தேய்த்துக் கழுவி, இலையில்லாத காலத்தில் தோட்டக்கலை எண்ணெய் அடியுங்கள். மண்ணில் ஊற்றும் ஊடுருவு பூச்சிக்கொல்லி வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் இந்தப் பூவின் மகரந்தத்துக்குத் தேனீக்கள் வருகின்றன, மருந்து அதிலும் கலக்கும். பூக்கும் மரத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது; எங்கள் தொழிலுக்குள் இருப்பவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை. நாற்றுப்பண்ணையில் இலை சுத்தமாக இருப்பது எதற்கும் சான்று அல்ல. அங்கே முறை வைத்து மருந்து அடித்திருப்பார்கள். தொட்டிச் செடியைப் பார்க்காமல், அதன் தாய் மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மருந்து படாமல் மண்ணில் நிற்கும் மரமாக அது இருக்க வேண்டும். அடிப்போத்துகளின் நுனியைப் பாருங்கள். கோடை முடியும் நேரத்தில் போனால் இலைப்புள்ளியும் தெரியும். அட்டையில் "சிவப்பு கிரேப் மிர்ட்டில்" என்று நிறம் மட்டும் எழுதியிருந்தால் அது எந்த ரகம் என்று யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். ரகப்பெயரும், குச்சியிலிருந்து வளர்த்தது என்ற உறுதியும் வேண்டும். நான் சொன்ன பெயர்கள் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். உங்கள் சுற்றுவட்டத்தில் யாருடைய தோட்டத்திலாவது, மருந்து அடிக்காமலே ஐந்தாறு ஆண்டுகளாகச் சுத்தமாகப் பூக்கும் மரம் இருந்தால், அதுதான் உங்களுக்குரிய ரகம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அரைமுற்றல் தளிரில் நாலைந்து கணு உள்ள குச்சியாக வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈரமணலில் நட்டு, நிழலில் மூடிவைத்தால் சில வாரங்களில் வேர்விடும். நான் தொட்ட அலங்காரச் செடிகளில் இவ்வளவு எளிதாக வேர்விட்டவை குறைவு.

பூமருதையும் சிலர் கிரேப் மிர்ட்டில் என்றே சொல்லி உங்களுக்குக் காட்டலாம். அதுவும் லாகர்ஸ்ட்ரோமியாதான், ஆனால் பெரிய மரம். பத்தடிக்கு ஆகாது.

எல்லாம் பார்த்தபின் சுவரோரத்து இரண்டையும் எடுப்பது என்று முடிவானால், அடியோடு வெட்டிவிட்டு அங்கேயே புதியதை நட்டுவிடாதீர்கள். இதன் வேர் விடாப்பிடியானது. மண்ணில் விட்ட துண்டிலிருந்து பழைய ரகமே மறுபடி முளைக்கும், புதுச் செடியின் காலடியில் நின்று பொடி பூக்கும், பார்ப்பவர்கள் புதுரகத்துக்குத்தான் நோய் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். இப்படி மிரண்டு நல்ல செடியைப் பிடுங்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். வேரைத் தோண்டி எடுங்கள், ஒரு பருவம் அந்த இடத்தைச் சும்மா விட்டு, முளைப்பதையெல்லாம் கிள்ளுங்கள். சாம்பல் நோய்ப் பூசணம் மண்ணில் தங்குவதில்லை, உயிருள்ள மொட்டிலும் தளிரிலும்தான் ஒளிந்திருக்கும். ஆகவே மண்ணை மாற்ற வேண்டியதில்லை. சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி நட்டு, முதல் இரண்டு ஆண்டுகள் தண்ணீரை வேருக்கு மட்டும் காலையில் விடுங்கள். அதற்கு முன்னால் அந்தக் கத்தி நுனிச் சோதனையைச் செய்துவிட்டு, என்ன நிறத்தில் நீர் வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். இளஞ்சிவப்பு என்றால் மூன்றாவது மரத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கும், அதற்கு வேறு வரிசையில் வேலைகள் சொல்கிறேன்.